என் முதுகும் மாமாவின் வாயும்

என் மாமாவின் மேல் எனக்கு வஞ்சம் உண்டு. அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். எங்கள் ஊர் மாதா கோயில் கமிட்டியில் வெகுகாலம் செயலாளராக இருந்தவர், தெருவில் வந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். "மன்னிச்சிரு மக்கா, அவருக்கும் வயசாச்சு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். மன்னிக்கலாம். அதற்கு முன்னால் அவர் ஓர் உண்மையைத் தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் என் அப்பா உயிரோடு இருக்கும்போதே, அப்பாவின் காது கேட்கச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன்.

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அவரும் நானும் நல்ல கறுப்பு. அம்மாவும் மாமா வீட்டாரும் வெளுப்பு. அந்த வெளுப்பை ஏதோ தானே பாடுபட்டுச் சம்பாதித்ததுபோல மாமா நடந்துகொள்வார். தங்கையை அப்பாவுக்குக் கொடுத்ததில் அவருக்குத் துளியும் இஷ்டமில்லை, அதை அவர் மறைத்ததும் இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் நான் திடுதிப்பென்று வளர்ந்தேன். கிறிஸ்துமஸுக்குத் தைத்த பேன்ட் ஈஸ்டருக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. முதுகிலும் ஏதோ நடந்துகொண்டிருந்திருக்கிறது. இடுப்புக்குச் சற்று மேலே, குறுக்காக, ஒன்றின் கீழ் ஒன்றாக, என் நிறத்தைவிடக் கறுத்த கோடுகள். வலி இல்லை, அரிப்பு இல்லை. தன் முதுகைத் தானே யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? எனக்குத் தெரியவே தெரியாது.

பெரிய லீவில் ஒரு நாள் காலை கரமடி இழுக்கப் போனேன். கரையில் நின்றபடியே பலபேர் சேர்ந்து இழுக்கும் வலை அது. பையன்கள் கயிற்றைப் பிடித்தாலும் மீனில் ஒரு பங்கு கிடைக்கும். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். மீன் வாங்க வந்த மாமா எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏலே, இஞ்ச வா. திரும்பி நில்லு. இது என்னதுலே முதுகில?"

"ஒண்ணுமில்ல மாமா."

"கயிறு வச்சு அடிச்ச தடம் அப்படியே கெடக்கு, ஒண்ணுமில்லியா? ஒங்கப்பன் அடிச்சானா?"

"இல்ல மாமா. ஆரும் அடிக்கல்ல."

"பாத்தியளா, பிள்ள எப்படி நடுங்குதுன்னு?" என்று அவர் சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார். நான் நடுங்கியது உண்மைதான். மாமா முன்னால் நின்றால் மாமியே நடுங்குவாள்.

அன்றோடு என் 'இல்லை'க்கு மதிப்புப் போயிற்று. அப்பாவுக்குப் பயந்து மறைக்கிறான் என்றார்கள். உரக்க மறுத்தால் நன்றாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்றார்கள். அழுதேன். அழுததைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்விட்டது. அப்பா என் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். அவர் கை அந்தக் கோடுகளின் மேல் படாமல், கொஞ்சம் தள்ளியே நின்றது. "ஆருலே மக்கா அடிச்சது? பள்ளிக்கூடத்திலயா?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன். அவரும் நம்பவில்லை. மறுநாளே பி.டி. வாத்தியாரின் வீட்டைத் தேடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். பாவம் அந்த மனிதர், விசில் ஊதிக் காதைச் செவிடாக்கியதைத் தவிர எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. மாமாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வாத்தியாரையே அடிக்கப் போனவன் பெற்ற பிள்ளையை விட்டுவைப்பானா என்று வீடு வீடாகக் கேட்டார்.

கமிட்டி கூடியது. அப்பா அங்கேயும் போய், "நான் அடிக்கல்ல, அடிச்சவன் ஆருன்னு கண்டுபிடிச்சுத் தாங்க" என்று கேட்டார். யாரும் அடிக்காமலே அப்படிக் கோடு விழும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. திருவிழாவில் தேர் தூக்குகிற ஆட்களிலிருந்து அப்பாவை நீக்கினார்கள். என்னையும் அம்மாவையும் கொஞ்ச காலம் மாமா வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அப்பா தனியாகப் பொங்கித் தின்றார்.

இனி எழுதப்போவதுதான் என் வயிற்றெரிச்சல். மாமா வீட்டுக்குப் போன பிறகும் நான் வளர்வதை நிறுத்தவில்லை. முதலில் தினமும் சாயங்காலம் என் சட்டையைத் தூக்கி, வந்துபோகிறவர்களுக்குக் காட்டுவார் மாமா. "இஞ்ச வந்த பொறவு புதுசா ஒண்ணும் இல்ல, பாத்துக்கிடுங்க." ஒரு நாள் அப்படித் தூக்கியவர் பேச்சை நிறுத்தினார். அவர் விரல் என் தோள்பட்டைக்குக் கீழே ஓரிடத்தில் நின்றது. கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி நின்றது. பிறகு சட்டையைக் கீழே இழுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் என் முதுகைக் காட்டவில்லை. குளிக்கும்போதுகூடச் சட்டையைக் கழற்றக்கூடாது என்று மாமி வந்து சொன்னாள். பிள்ளையை ஆஸ்பத்திரியில் காட்டலாமே என்று அம்மா கேட்டபோது, ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகும், குடும்ப மானம் போகும் என்று மாமா அவள் வாயை அடைத்தார். அன்று ஒரு டாக்டர் என் முதுகை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும், எல்லாம் தீர்ந்திருக்கும். அது மாமாவுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை நான் வளர்ந்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

ஒரு மழைநாளில் அம்மா யாரையும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். அப்பா உலையில் இன்னும் ஒரு பிடி அரிசி போட்டார். ஆனால் ஊரில் அந்தப் பேச்சு அப்படியே நிலைத்துவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு திருவிழாவிலும் தேர் வரும்போது அப்பா ஓரமாக, ஜனங்களோடு ஜனமாக நிற்பார்.

கோடுகளைப் போக்க நான் பூசாத பொருளில்லை. தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், மஞ்சள். எலுமிச்சை பூசிக்கொண்டு வெயிலில் நின்று தோல் வெந்து, அந்த இடம் முன்னைவிடக் கறுத்ததுதான் மிச்சம். பிறகு துபாய்க்கு வேலைக்குப் போனேன். அங்கே என் அறையில் தங்கியிருந்த மலையாளி ஆண் நர்ஸ் ஒருவன், நான் குளித்துவிட்டு வருவதைப் பார்த்து, "சின்ன வயசுல சட்டுனு வளர்ந்துட்டியோ?" என்று சிரித்தான். வேகமாக வளர்கிற பையன்களுக்கு முதுகில் இப்படிக் குறுக்காக வரும் என்றான். தோல் இழுபட்டு உள்ளே விண்டுபோகிற தழும்பு, அவ்வளவுதான் என்றான். அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி மக்கா. சாப்பிட்டியா?" என்றார். தெரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

இப்போது ஊரில் சொந்தமாக ஒரு கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறேன். சில மாதங்களுக்கு முன் மாமாவே போன் செய்தார். பேரனை நாகர்கோவிலில் தோல் டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். பள்ளி நீச்சல் குழுவில் சேர்ந்திருக்கிறான், முதுகில் ஏதோ கோடு வந்திருக்கிறது, பையனுக்குக் கூச்சமாக இருக்கிறது என்றார். எனக்குள் ஏதோ எழுந்து உட்கார்ந்தது. வண்டியைக் கழுவித் துடைத்து, சொன்ன நேரத்துக்கு முன்பே வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவ்வளவு மரியாதையாக அவருக்கு நான் அதுவரை கதவு திறந்துவிட்டதில்லை.

மாமாவைத் தாங்கிப் பிடிக்கும் சாக்கில் நானும் டாக்டரின் அறைக்குள் போனேன். டாக்டர் இளம்பெண். பையன் சட்டையைக் கழற்றினான். என் முதுகில் எங்கே இருந்ததோ அதே இடம், அதே குறுக்குக் கோடுகள். ஆனால் அவன் மாமாவைப்போல வெளுப்பு. அதனால் அவை ரோஜா நிறத்தில், பூனை பிறாண்டியதுபோல இருந்தன.

"வளர்ற பிள்ளைக்கு இதெல்லாம் வரும் இல்லியா டாக்டர்?" என்றார் மாமா. எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை!

ஆமாம் என்றார் டாக்டர். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். நான் சட்டையைக் கழற்றினேன்.

டாக்டர் என் முதுகைக் குனிந்து பார்த்துவிட்டுப் பையனுக்குப் பொறுமையாக விளக்கினார். இரண்டும் ஒன்றுதான், நிறம்தான் வேறு. வெளுத்த தோலில் முதலில் சிவப்பாக வந்து போகப்போக வெள்ளைக் கோடாகும். மாநிறத்தில் ஊதாவாகவோ பழுப்பாகவோ தெரியும். கறுத்த தோலில் நிறம் கூடிப்போய், சுற்றியுள்ள தோலைவிடக் கறுப்பாகவே நிற்கலாம். பார்க்கிறவர்களுக்கு அடித்த தழும்புபோலத் தோன்றும், பிள்ளையை அடித்துவிட்டார்கள் என்று டாக்டர்களிடமே கூட்டிக்கொண்டு வருவதுண்டு. புதிய கோட்டுக்குக் களிம்பு கொஞ்சம் கேட்கும். என்னுடையதைப் போலப் பழையது முழுதாகப் போகாது, மங்கவைக்கலாம். கறுத்த தோலில் லேசர் வைப்பதானால் பழகிய கையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுட்டு இன்னும் கறுத்துவிடும். மாமா வீட்டில் கடையில் கேட்டு வாங்கிப் பூசிய வெளுக்கிற கிரீமைப் பையன் எடுத்து நீட்ட, டாக்டர் திருப்பிப் பார்த்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டார். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, நாள்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து அதுவே புதுக்கோடு போடும் என்றார்.

"அப்போ, ஒருத்தன் எந்த வீட்டில இருந்தாலும் வளர வளர இது வரும், இல்லியா டாக்டர்?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று அவர் சிரித்தார். மாமா கைத்தடியின் பூணைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் பையனை டியூஷன் வகுப்பில் இறக்கிவிட்டேன். மாமாவின் வீட்டுத் திருப்பம் வந்தது. நான் திரும்பவில்லை.

"எங்கலே போற?"

"அப்பாட்ட. எனக்க முதுகில புதுக்கோடு ஒங்க வீட்டில வச்சு வந்தது. நீங்க பாத்திய. அத அப்பாட்டச் சொல்லணும்."

"பழைய காரியம் எதுக்கு மக்கா? விட்டிரு."

"நீங்க சொல்லாட்டா ஞாயித்துக்கிழம பூச முடிஞ்ச ஒடனே கோயில் முற்றத்தில நான் சட்டயக் கழட்டுவேன். ஒங்க பேரனுக்க சட்டையையும் கழட்டுவேன். ரெண்டு பேரையும் சேத்து நிறுத்தி ஆரு அடிச்சதுன்னு ஊர் சொல்லட்டும்."

பையனை அப்படிச் செய்திருப்பேனா என்றால், தெரியாது. ஆனால் அந்தக் கிழவருக்கு வேர்த்ததைக் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு இனித்தது. அதை மறைப்பானேன்.

அப்பா மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றபடி டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். மாமா நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, என்னைப் பார்த்தார். நான் டி.வி.யை அணைத்தேன்.

"மாப்பிள," என்றார் மாமா. "அந்தக் கோடு, பிள்ள எனக்க வீட்டில நிக்கும்போளும் வந்தது. நான் கண்ணால பாத்தேன். அது அடிச்சதில்லன்னு எனக்கு அப்பமே தெரியும். சொல்லல்ல."

நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவார், அல்லது தன் பேர் திரும்பி வந்ததென்று அழுவார் என்று நினைத்தேன். அவர் மாமாவைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"அப்போ பி.டி. வாத்தியார் அடிக்கல்லியா?"

"இல்லப்பா."

"வள்ளக்காரன்மாரு ஆரும்?"

"ஆருமே அடிக்கல்லப்பா. துபாயிலேருந்து சொன்னேனே."

"நீ சின்னதில இருந்தே இல்லன்னுதான் சொன்ன. எனக்க மனசு நோவக்கூடாதுன்னு சொல்லுதன்னு நெனச்சேன்." கறி ஒட்டியிருந்த கையை அவர் தட்டிலேயே வைத்திருந்தார். "இந்த ஊர்ல ஒவ்வொருத்தன் மொகத்தையும் பாத்துப் பாத்து, இவனாயிருக்குமோ, இவனாயிருக்குமோன்னே நடந்தேன். எனக்க பிள்ளய ஒருத்தன் கயிறு வச்சு அடிச்சான், அவன எனக்குக் கண்டுபிடிக்க முடியல்லியேன்னு."

மாமா அப்பாவின் பேரைத்தான் கெடுத்தார் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன். அந்தக் கணக்கில்தான் வஞ்சம் வைத்திருந்தேன். பேர் போனது அப்பாவுக்கு ஒரு பொருட்டாகவே இருந்திருக்கவில்லை. அந்த நாற்காலியில் இருந்த மனிதரைத் தூக்கித் தெருவில் எறியலாம் போல இருந்தது. வயதைப் பார்த்துச் சும்மா நின்றேன்.

மாமா கைத்தடியை ஊன்றி எழுந்தார். "நல்லதாப் போச்சு. மனசில இருந்தத எறக்கி வச்சாச்சு" என்று வாசலைப் பார்த்தார்.

"இருங்க மாமா," என்றேன். "இது அப்பாவுக்குச் சொன்னது. ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சு, கமிட்டிக்காரங்க முன்னால இதயே சொல்லணும்."

இந்த வயதில் தன்னை அப்படி நிறுத்த அப்பா விடமாட்டார் என்று மாமா நம்பினார் போலிருக்கிறது. கெஞ்சுகிற முகத்தோடு அவர் பக்கம் திரும்பினார். அப்பா எழுந்துபோய்க் கையைக் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே வந்து, என்னிடம் சொன்னார்.

"மைக்கில சொல்லச் சொல்லு."