ஒரு சரணம் போதும், ஆண்டவரே

இந்தச் சபையில் நான் ஏற்கெனவே ஒருமுறை சாட்சி சொல்லியிருக்கிறேன். 2022-இல், லெந்து என்னும் தவக்காலம் தொடங்கிய சமயம். கோவிட்டிலிருந்து கர்த்தர் என்னை முழுவதும் குணமாக்கினார் என்றேன். நீங்கள் கைதட்டினீர்கள். வீட்டுக்குப் போய், ஜெபக் குறிப்புப் புத்தகத்தில் 'என் சுகம்' என்ற வரியை, கேட்டது கிடைத்துவிட்டது என்று, சிவப்பு மையால் அடித்தேன்.

சில வாரங்களில் நான் மறுபடியும் விழுந்தேன்.

பக்கத்தில், தம்போய் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். கருவி காட்டிய எண்ணை எழுதுவதற்குள் மறந்துவிடும். நன்றாக இருக்கும் நாளில் ஓடியாடி வேலை செய்வேன். அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. பாட்டோ, ஒரு வரி முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும்.

யாரிடம் சொல்வது? குணமானேன் என்று சாட்சி சொன்னவள் இன்னும் நோயாளி என்றால் அது அவிசுவாசம் ஆகாதா? அடித்த வரியை மறுபடியும் எழுத என் கை வரவில்லை. வழக்கம்போல் நம் சபைப் பாடகர் குழுவில் போய் நின்றேன். வாயை மட்டும் அசைத்தேன். மூன்று மாதம்.

என் இருபுறமும் பாட்டு எழும். அதன் நடுவில் நான் ஊமையாக நிற்பேன். சிறு வயதிலிருந்து நான் ஜெபித்ததெல்லாம் பாட்டில்தான். அந்த ஏக்கத்தை எப்படிச் சொல்வது? ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காரில் உட்கார்ந்து அழுதேன். "ஆண்டவரே, முழுப் பாட்டு வேண்டாம். ஒரு சரணம் போதும்."

அடுத்த ஞாயிறு, குழுவில் என் பக்கத்தில் நிற்கும் தோழி எஸ்தர் என் கையைக் கிள்ளினாள்.

"ஏன்டி, வாய் மட்டும் அசையுது, சத்தத்தையே காணோம்? தொட்டியில இருக்கற மீன் மாதிரி இருக்க லா."

சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும். எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாட்சி சொல்லிட்டேனே எஸ்தர். இப்போ எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு..."

"உன் ஃபேக்டரியில தப்பா காட்டுற மெஷின நீ மறைச்சா வெப்ப?"

நான் மறைக்க மாட்டேன். சிவப்புச் சீட்டு ஒட்டி, சரிபார்க்க அனுப்புவேன். அன்றிரவே அந்த வரியை மறுபடியும் எழுதினேன்.

லீவு போட்டு இருவரும் அரசு கிளினிக்குப் போனோம். இரத்தம், எக்ஸ்ரே, இதயம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். வேறு நோய் இல்லை. "கோவிட் போன பிறகும் சிலருக்கு இப்படி நீடிக்கும். இது உங்க கற்பனை இல்ல," என்றார் டாக்டர். களைப்பு வருவதற்கு முன்பே ஓய்வெடுக்க வேண்டும், நல்ல நாளிலும் அளவை மீறக் கூடாது, தினமும் குறித்துவைக்க வேண்டும் என்றார். எனக்குப் பட்டியல் போடக் கற்றுக்கொடுக்கவா வேண்டும்? எந்த வேலைக்குப் பிறகு விழுகிறேன் என்பது இரண்டு வாரத்தில் தாளில் தெரிந்தது. மேலாளரிடம் காட்டினேன். படி ஏறாத இடத்துக்கு மாற்றிக் கொடுத்தார்.

நலம் மெதுவாக வந்தது. பின்வாங்கிய வாரங்களும் உண்டு. ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில், எஸ்தர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து முதல் சரணத்தை முழுவதும் பாடினேன். இரண்டாவதில் நிறுத்திக்கொண்டேன். கேட்டது ஒரு சரணம். கொடுத்தார்.

நின்றுகொண்டு ஒரு முழுப் பாட்டைப் பாட இன்றும் ஏங்குகிறேன். அதுவும் இப்போது என் புத்தகத்தில் இருக்கிறது, அடிக்காமல். அவர் அவசரப்படுவதில்லை, நானும் அவசரப்படுவதை விட்டுவிட்டேன்.

குணமானேன் என்று சொல்லிவிட்டு மறுபடியும் விழுந்தவர்கள் உங்களில் இருந்தால், ஒளிந்துகொள்ள வேண்டாம். அவரிடம் உள்ளபடியே சொல்லுங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள். வரும் ஞாயிறு எனக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.