டாக்டர் இல்லாத புதன்கிழமை

கம்பவுண்டர் என்றால் கலர் தண்ணீர் கலக்குகிறவன் என்று சிவகாசியில் பாதிப் பேருக்கு நினைப்பு. அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மதுரையில் ஒன்றரை வருடம் படித்து, பரீட்சை எழுதி, சர்ட்டிபிகேட் வாங்கி வந்தவன் நான். மருந்தை எடை போடுவது, மிக்சர் கலப்பது, ஊசியைக் கொதிக்க வைப்பது எல்லாம் அங்கே கற்றது. தையலும் கட்டும் டாக்டரின் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துப் பழகியது. கட்டுப் போடுவதில் இந்த ஊரில் எனக்கு ஈடு கிடையாது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன்.

எங்கள் டாக்டர் புதன்கிழமைதோறும் விருதுநகருக்குப் போய்விடுவார். அங்கேயும் அவருக்கு நோயாளிகள் உண்டு. மாலை ரயிலில்தான் திரும்புவார். அதுவரை எல்லாம் நான்தான். எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தார். கையில் தீக்காயம் என்றால், முதலில் மோதிரத்தையும் வளையலையும் எடு, அப்புறம்தான் மற்றது என்பார். கை வீங்கினால் அவை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும், விரல் செத்துப்போகும்.

தீபாவளி சீசனில் ஒரு புதன்கிழமை மத்தியானம், பட்டாசுக் கம்பெனியிலிருந்து ஒரு பெண்ணை வண்டியில் போட்டுக் கொண்டு வந்தார்கள். இருபது வயதுதான் இருக்கும். திரி வைக்கிற வேலை. வலது கை முழங்கை வரை வெந்திருந்தது. கூட மாமியாரும் கொழுந்தனும் கம்பெனி போர்மேனும். ஆபீசில் இருந்த நீல மைப் புட்டியை அப்படியே காயத்தில் கவிழ்த்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தீக்காயத்துக்கு அதுதான் முதல் வைத்தியம். வேண்டாம் என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன், யார் கேட்டார்கள்?

மணிக்கட்டில் ஏழு கண்ணாடி வளையல்கள் வீங்கிய சதைக்குள் புதைந்து கிடந்தன. மை அப்பியிருந்ததில் விரல்களின் நிறமே தெரியவில்லை. சுண்டுவிரல் நகத்தை மட்டும் ஸ்பிரிட்டால் துடைத்து, அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். சிவப்பு திரும்பி வரவில்லை. விரலுக்கு ரத்தம் போகவில்லை என்று அர்த்தம்.

“வளையலை உடைக்கணும்” என்றேன்.

மாமியார் குறுக்கே விழுந்தாள். “ஐயையோ, என்ன பேச்சுப் பேசுதீக? எம் மவன் குத்துக்கல்லு மாதிரி இருக்கான். காரியாபட்டிக்கு லோடு ஏத்திக்கிட்டு லாரில போயிருக்கான். அவன் ரோட்டுல கெடக்கையில இங்கன வளையலை உடைக்கவா?”

புருஷன் செத்தால்தான் வளையலை உடைப்பார்கள். என் வீட்டிலும் அதே வழக்கம்தான். அதனால் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். எண்ணெய் விட்டுக் கழற்றப் பார்த்தேன். தோல்தான் உரிந்து வந்தது. கொழுந்தனைக் கேட்டேன்.

“ஆத்தா வேணாங்கும்போது நான் என்னத்தச் சொல்ல? அண்ணன் வந்துரட்டும்யா.”

போர்மேனைக் கேட்டேன். குடும்ப விஷயம் என்று நழுவினார். டாக்டர் வரட்டுமே, நமக்கெதற்கு வம்பு என்று எனக்குள்ளும் ஓடியது. இப்படியே ஒரு மணி நேரம் போய்விட்டது. பக்கத்து விரலைத் துடைத்து அழுத்தினேன். அதிலும் சிவப்பு வரவில்லை.

வந்ததே கோபம்! “ஒங்க மகன் நல்லாத்தான் இருப்பாரு. இந்தப் பிள்ளைக்குக் கை போச்சுன்னா நீங்களா சோறு ஊட்டுவீக? தள்ளுங்க அங்கிட்டு!”

பல் பிடுங்கும் குறட்டை எடுத்தேன். வளையலுக்கு அடியில் ஈரப் பஞ்சைச் செருகி, ஒவ்வொன்றாக நொறுக்கினேன். மாமியார் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே வைத்துவிட்டாள். ஏழும் உடைந்து கொஞ்ச நேரத்தில் பக்கத்து விரல் நகத்தில் சிவப்பு ஊறியது. அப்பாடா என்று இருந்தது. உப்புத் தண்ணீரில் கழுவி, வாசலின் தடவிய துணியை விரலுக்கு விரல் தனியாகச் சுற்றிக் கட்டினேன்.

மாலையில் டாக்டர் வந்து பார்த்தார். “நான் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் புருஷனும் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தான்.

நாலு விரல்கள் பிழைத்தன. சுண்டுவிரலை டாக்டர் மூன்றாவது வாரம் எடுத்துவிட்டார்.

கடைசிக் கட்டைப் பிரிக்க அவள் தனியாக வந்தாள். பிரித்துக்கொண்டே, என் சாமர்த்தியத்தை அளந்தேன். “ஒங்க அத்தை மட்டும் குறுக்க நிக்கலேன்னா அந்த விரலும் தப்பிச்சிருக்கும், தாயி.”

அவள் நாலு விரலையும் மடக்கிப் பார்த்தாள்.

“அத்தையக் கேட்டீக, கொழுந்தனக் கேட்டீக, போர்மேனக்கூடக் கேட்டீக. நான் முழிச்சுக்கிட்டுத்தானய்யா கெடந்தேன். என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வந்த ஒடனே ஒடைங்கன்னு சொல்லியிருப்பேனே.”

அந்த விரல் போனதை அதுவரை மாமியார் தலையில் கட்டிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் என் தலையில் விடிய வேண்டியது.