பூத்த நாளையும் சேர்த்து

அன்று காலை முதல் வேலையாக ஆய்வகத்து உறைபெட்டியைத் திறந்து பார்த்தேன். இரவில் மின்சாரம் போயிருந்தது. உள்ளே பருத்திக் காய்கள் கெடாமல் இருந்தன. மூடும்போது கைபேசி அடித்தது. மண்டபம் அகதி முகாமிலிருந்து தவமணி அக்காவின் மகள். “அம்மா விடியக்காலைல போயிட்டாங்க, மேடம்.”

நயினார்கோவில் பக்கத்துச் சோதனை வயலில் அக்காவுடன் வேலை பார்த்த தோழர்களே, உங்களுக்கு அவர் குரல் நினைவிருக்கும். முப்பது ஆண்டுகள் முகாமில் இருந்தும் பேச்சு மன்னாரை விட்டு வரவில்லை. காலையில் மலர்ந்த ஒவ்வொரு பூவின் காம்பிலும் தேதிச் சீட்டுக் கட்டுவது அவர் வேலை. “இண்டைக்கு நாற்பது குமருகள் பூத்திருக்கினம், மிஸ். சடங்குக்கு ஆரைக் கூப்பிடுவம்?” என்பார்.

பருத்தி இழை முதலில் நீளும், பிறகு தடிக்கும். தடிக்க வைக்கும் மரபணு எந்த நாளில் இயங்கத் தொடங்கும் என்பதை அதற்கு முன்னால் உள்ள புரமோட்டர் என்ற பகுதி தீர்மானிக்கிறது. அந்த நாளைத் தேடியதே என் ஆய்வு. பதினாறாம் நாள் காயைப் பறிக்கச் சொன்னபோது அக்கா கேட்டார்: “பூத்த நாளையும் சேர்த்தோ எண்ணுறது?”

“பதினாறுன்னா பதினாறுதான்க்கா. இதுல என்ன கேள்வி?” என்றேன். அவர் பிறகு கேட்கவில்லை.

கட்டுரை வெளியானது. அதை வைத்து எனக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அடுத்த பருவத்தில் என் மாணவி அதே ஆய்வைத் தானே சீட்டுக் கட்டி, தானே காய் பறித்துச் செய்தபோது, மரபணு ஒரு நாள் முன்னதாகவே இயங்கியது. அக்கா சீட்டை மாற்றிக் கட்டிவிட்டார் என்று துறையில் பேசி முடித்தார்கள். நான் மறுக்கவில்லை. வேலையை விட்டு நிறுத்திய அன்று அக்கா சொன்னார்: “நான் ஒரு பூவைக்கூடப் பிழையாக் கட்டேல்லை, மிஸ்.” நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் இறந்தது செவ்வாய்க்கிழமை. அன்று முகாமுக்குப் போக எனக்குத் துணிவில்லை. எட்டாம் நாள் சடங்குக்காவது போக வேண்டும் என்று நாளை எண்ணி, அடுத்த வாரப் புதன்கிழமை போனேன். பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள்.

“எட்டு நேற்றே முடிஞ்சுது, பிள்ளை,” என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். “செத்த நாளையும் சேர்த்தெல்லோ எண்ணுறது. படிச்சனீங்கள், இதுகூடத் தெரியாதோ?”

அன்று வயலில் அக்கா கேட்டதும் இதைத்தான். எங்கள் ஆய்வு முறையில் பூத்த நாள் பூச்சியம். அக்காவுக்கு அது ஒன்று. அவர் பதினாறு என்று பறித்ததெல்லாம் எங்கள் கணக்கில் பதினைந்து. சீட்டுகளில் ஒன்றுகூடத் தவறில்லை.

அக்காவின் வயல் நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. அதன் படிகளை இணைத்து இதழுக்குக் கடிதம் எழுதப் போகிறேன்: கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், பிழை என்னுடையது, தவமணியுடையது அல்ல. வீட்டிலும் துறையிலும் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை; உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.