செவ்வந்தி மொட்டைக் கிள்ளச் சொன்ன கதை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். பள்ளி இறுதி வகுப்பு தேறியவன் என்பதால் எனக்குத் தெரியாத ஆங்கிலமே இல்லை என்று எஸ்டேட் முழுவதும் நம்பியது. முதலில் நம்பியவன் நான்.

எங்கள் வெள்ளைக்கார மேனேஜரின் மனைவியான துரைசாணிக்கு ஒரு பெருங்குறை. இந்த மலையில் இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. மழை உண்டு, பெருமழை உண்டு, அட்டை உண்டு. அவர் ஊரிலோ அக்டோபரில் தோட்டமெல்லாம் செம்பும் பொன்னுமாக மின்னுமாம். கடவுள் மறந்ததைத் தாமே செய்துவிடுவதென்று கப்பலில் செவ்வந்திக் கன்றுகளை வரவழைத்தார். வருடாவருடம் வேரிலிருந்து தழைத்து, மற்றப் பூக்கள் ஓய்ந்த பிறகு பூக்கிற சாதி.

மே மாதம் விடுப்பில் ஊருக்குக் கிளம்பும்போது, செடி வளர்ப்புப் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, பங்களாத் தோட்டக்காரருக்குத் தமிழில் சொல்லச் சொன்னார். தோட்டக்காரர் சங்கரன்கோயில் பக்கத்துக்காரர், படிக்கத் தெரியாதவர். செடிகள் அவர் பேச்சைக் கேட்கும். அவர் என் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு.

பக்கக் கிளை வெடிக்க, ஜூலை வரை நுனியைக் கிள்ளு என்றிருந்தது புத்தகம். ஜூலையிலிருந்து கிள்ளு என்று நான் மொழிபெயர்த்தேன்.

அக்டோபர் பிறந்ததும் தோட்டக்காரர் ஆபீஸ் வாசலுக்கு வந்தார்.

"மொட்டு வந்துட்டே ஐயா. இன்னுமா கிள்ளச் சொல்லுதீய?"

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"மொட்டக் கிள்ளிட்டு என்னத்தப் பாக்கதுக்கு?"

"வெள்ளைக்காரன் யோசிக்காமலா எழுதியிருப்பான்?"

கிள்ளினார்.

துரைசாணி தாம் திரும்பி வரும் நாளுக்கே, இலையுதிர் காலத்தைக் காட்ட அக்கம்பக்கத்துத் துரைமாரைக் கடிதம் போட்டு அழைத்திருந்தார். ஜீப்பில் வந்தவர்கள் பாத்தியைச் சுற்றி நின்று தேநீர் குடித்தார்கள். மலை மலையாகப் பச்சையைத் தாண்டி வந்தவர்களுக்குப் பார்க்கக் கிடைத்தது இன்னும் கொஞ்சம் பச்சை.

மறுநாள் தோட்டக்காரரைக் களை வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள். அந்த உத்தரவை எழுதியவன் நான்தான். அதில் ஒரு பிழைகூட இல்லை.

என் பக்கம் நியாயம் தேடி மாலையில் புத்தகத்தைப் பிரித்தபோதுதான் 'வரை' என்ற அந்தச் சொல் கண்ணில் பட்டது. வீரன் என்பதால் மூன்று நாள் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, நான்காம் நாள் தேயிலைக் காட்டுக்குப் போனேன். தலையில் கம்பளியோடு தோட்டக்காரர் மழையில் குனிந்திருந்தார்.

"அண்ணாச்சி, தப்பு என்னோடது. ஜூலை வரைதான் கிள்ளணுமாம்."

"மொட்டக் கிள்ளுனா பூக்காதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? படிச்ச மனுசன் சொல்லுதீயளேன்னு கிள்ளுனேன்." நிமிராமலே சொன்னார். "இத எங்கிட்டச் சொல்லி என்ன? பங்களாவுல போய்ச் சொல்லுங்க."

சொன்னேன். துரைசாணி கோபப்படவில்லை. எத்தனை வருஷம் ஆங்கிலம் படித்தாய் என்று கேட்டார். ஆறு வருஷம் என்றேன். "அத்தனை வருஷமா!" என்றார். அறைந்திருந்தால் தேவலை.

மறுநாளே தோட்டக்காரரைப் பங்களாவுக்குத் திரும்ப அழைத்தார்கள். நடுவில் பெய்த மழையில் பக்கத்து எஸ்டேட்டுகளின் பூவெல்லாம் அழுகிப் போயின. ஜனவரியின் காய்ந்த குளிர் வெயிலில், கிள்ளிய இடமெல்லாம் கிளைத்து, எங்கள் செவ்வந்தி செம்பும் பொன்னுமாகப் பூத்தது. இந்த நாட்டில் இலையுதிர் காலம் ஜனவரியில் வருகிறது என்று துரைசாணி தம் தங்கைக்குக் கடிதம் எழுதினாராம்.

வேலிக்கு வெளியே நின்று பார்க்க எனக்குத் தடையில்லை. பாத்திக்குள் காலை வைக்கத்தான் தோட்டக்காரர் விடவில்லை.