வழக்கு வந்த பிறகு கடலுக்குள் நடந்தவன்

நானும் நண்பனும் திண்டிவனத்தில் சொந்தமாக எழுதிய மென்பொருள், தங்களிடமிருந்து திருடிய நிரல் என்று நாங்கள் விட்டு வந்த கம்பெனி வழக்குப் போட்டது. பாதிக்கு மேல் ஏஐ எழுதிக் கொடுத்தது. அது எங்கிருந்து எடுத்தது என்று எங்களுக்கே தெரியாது. வக்கீலிடம் அதைச் சொன்னோம். "அப்ப திருடலன்னு எப்படிங்க நான் வாதாடுறது?" என்றார்.

நண்பன் அன்று வீடு திரும்பவில்லை. மறுநாள் பகலில் பொம்மையார்பாளையம் கடற்கரை விடுதி ஒன்றிலிருந்து கூப்பிட்டான். "மச்சான், செவுரு மூச்சு விடுதுடா. பேஜாரா கீது, ஜல்தியா வாடா." யாரோ கொடுத்த, போதை மருந்து தோய்த்த ஸ்டாம்பு காகிதத்தை நாக்கில் வைத்திருக்கிறான்.

நான் போனபோது உடுப்போடு கடலுக்குள் நடந்துகொண்டிருந்தான். இடுப்பளவு தண்ணீரில் கட்டிப் பிடித்தேன். கம்பெனி ஆள் என்று நினைத்து என் கையைக் கடித்தான். மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து அவனைக் கரைக்கு இழுக்க உதவினாள். என் போன் நனைந்துவிட்டதால் அவள் போனிலேயே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். என்ன சாப்பிட்டான் என்று கேட்டார்கள். போலீஸ் வருமோ, வழக்கில் இதையும் சேர்ப்பார்களோ என்று யோசித்தேன்.

"உசுரு போவுது, இன்னாண்ணா யோசிச்சிக்கினு கீற? சொல்லு!" என்று அவள் அதட்டினாள். சொல்லிவிட்டேன்.

வண்டி வரும்வரை, "மருந்து செய்யிற வேலைடா, எறங்கிடும், நான் இங்கதான் இருக்கேன்" என்று அவன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

பிழைத்துக்கொண்டான். ஆனால் அதற்குப் பிறகு அவன் கணினியைத் தொடுவதே இல்லை. விழுப்புரம் கோர்ட்டுக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் மட்டும் பஸ் ஏறுகிறேன்.