ராம் மீனுக்குத் தேடிய மென்னீர்

போடியில் வண்ணமீன் கடை நடத்திய காலத்தில் என்னை அதிகம் வேலை வாங்கியது ராம் மீன்தான். சிக்லிட் இனத்தில் குள்ள வகை. விரல் நீளம்கூட வராது. நீலமும் மஞ்சளுமாக மின்னும். உப்புக் குறைந்த தண்ணீரில்தான் அதன் முட்டை நன்றாகப் பொரியும்.

1. வெள்ளை முட்டை

ஒரு ஜோடி தட்டைக் கல்லில் முட்டையிட்டது. ஆணும் பெண்ணும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக் காவல் காத்தன. மறுநாள் அத்தனையும் வெளுத்துக் கெட்டுவிட்டன. அடுத்த முறையும் அப்படியே. எங்கள் ஆழ்துளைப் போர் தண்ணீர், குடத்தில் உப்பு வெள்ளையாகப் படியும் ரகம். உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. மிஷின் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கடைக்கு வந்தவர் ஜீப் டிரைவர் செல்வம். காலையில் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு தாண்டி ஏலக்காய்த் தோட்டத்தில் விட்டு வருவார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“இதுக்குப் போயி மிசினாக்கா? எங்க தோட்டத்து ஓடைத் தண்ணி பன்னீர் கணக்கா இருக்கும். எம் பொண்டாட்டி மல்லிகா, கூட வேலை பாக்குற பொம்பளைக அம்புட்டுப் பேரும் அதத்தான் குடிக்கிறாக. கேனக் குடுங்க, கொண்டாறேன்.”

2. கேன் தண்ணீர்

கழுவிய புதுக் கேன் கொடுத்தேன். மறுநாள் நிறைத்துக் கொண்டுவந்தார். உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்ததும் செல்வத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவ்வளவு குறைவாகக் காட்டியது.

எந்தப் புதுத் தண்ணீரையும் நான் நேராக ராம் தொட்டியில் விடுவதில்லை. முதலில் சில கப்பி மீன்களைத் தனியாக எடுத்து, அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தேன். மத்தியானத்துக்குள் அவை ஒருக்களித்துச் சுழன்று செத்துப்போயின.

“மீட்டரு நல்லாத்தானேக்கா காட்டுச்சு?” என்றார் பார்க்க வந்த செல்வம்.

“அதுக்கு உப்பு மட்டுந்தான் தெரியும் தம்பி. பூச்சிமருந்து தெரியாது. ஓடைக்கு மேல இருக்குற காட்டுல மருந்து அடிச்சாகளா?”

“அடிச்சாகக்கா” என்றவர் செத்த மீன்களைக் குனிந்து பார்த்தார். பிறகு, “மல்லிகா இன்னிக்கும் அதத்தானே குடிச்சிருப்பா” என்றார்.

3. ஒரு சொம்பு

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அவருடன் ஜீப்பில் ஏறினேன். மருந்துதான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆய்வு எதுவும் இல்லை. பார்த்ததைத் தோட்டத்து சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

“இத்தன வருசமா குடிக்கிறாளுக, யாருக்கு என்னாச்சு? அலங்கார மீனு செத்ததுக்கு ஓடையக் குத்தம் சொல்ல வந்துட்டீகளாக்கும்!”

வேலையை நிறுத்திவிட்டுப் பெண்கள் கூடினார்கள். மல்லிகா ஓடையில் ஒரு சொம்பு மொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

“அப்ப நீங்க குடிங்கண்ணே.”

அவர் கை நீளவில்லை. “எனக்குச் சோலி கெடக்கு” என்று நகர்ந்துவிட்டார். மல்லிகா தண்ணீரைக் கீழே ஊற்றினாள். அன்று யாரும் ஓடையில் குடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து செல்வம் ஊரிலிருந்தே ஜீப்பில் குடிதண்ணீர் ஏற்றிப் போனார். பெண்கள் விடாமல் கேட்டதில், கொஞ்ச நாளில் மருந்தடிக்கும் காட்டுக்கு மேலேயிருக்கும் ஊற்றிலிருந்து தோட்டத்துக்காரர்கள் குழாய் போட்டுக் கொடுத்தார்கள்.

4. ஆர்.ஓ. தண்ணீர்

நான் மிஷின் வாங்கினேன். வெறும் ஆர்.ஓ. தண்ணீரும் ஆகாது, தாது எதுவுமே இல்லாததால் அதன் அமிலத்தன்மை சட்டென்று மாறும். அதனால் போர் தண்ணீரைக் கொஞ்சமாகக் கலந்து, முட்டையில் பூஞ்சை பிடிக்காமலிருக்கக் காய்ந்த நாட்டுப் பாதாம் இலை போட்டு, தேநீர் நிறம் இறங்கியபின் பயன்படுத்தினேன். அடுத்த முறை கல்லின் மேல் ஊசிமுனை போலக் குஞ்சுகள் துடித்தன. ஆண் ராம் அவற்றை வாயில் கவ்வி, மணலில் பறித்த குழிக்கு மாற்றிக்கொண்டிருந்ததை வாடிக்கையாளரைக்கூட கவனிக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதிதாக மீன் வளர்ப்பவர்கள் மீட்டரில் எவ்வளவு காட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறேன். தொழில் எனக்குக் கற்றுத் தந்தது அதற்கும் மேலே ஒன்று: மென்மையான தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு. அது எந்த வழியாக வருகிறது, அந்த வழியில் வேறு யார் குடிக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத் தொட்டியை நிரப்புங்கள்.