பழைய சாவியும் செத்த நேரமும்

எங்கள் ஊர்ப் பக்கம் 'செத்த நேரம்' என்று ஓர் அளவு உண்டு. கடிகாரத்தில் தேடினால் கிடைக்காது. அம்மா "செத்த நேரம் இரு" என்றால் உலை கொதித்துச் சோறு வடிக்கும் வரைக்கும். அப்பா சொன்னால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்து முடியும் வரைக்கும். ரெட்டியார்சத்திரத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டீக்கடைக்குள் நுழையும் கண்டக்டர் சொன்னால், நாம் இறங்கி நடப்பதே உத்தமம். நான் சொன்னால் மட்டும் அது நிஜமாகவே கொஞ்ச நேரம். எனக்குப் பிறவியிலேயே பொறுமை கிடையாது. "ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு" என்று அம்மா ஒரு பழமொழியையே எனக்காகப் பெண்பாலாக்கி வைத்திருந்தார்.

அந்த ஒரு சொல்லால் ஓர் அக்காவின் வேலைக்கு நான் வேட்டு வைத்தேன். இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் முகம் சூடாகிறது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கல்லூரிகள், மில்கள், பூ வியாபாரிகள் என்று பலருடைய இணையதளங்களை எங்கள் சர்வரில் வைத்துக் காப்பதுதான் தொழில். அதில் எனக்குச் சாவி வேலை. திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு சாவி வேலை பார்க்கிறேன் என்றால் சொந்தக்காரர்கள் கேட்கும் அடுத்த கேள்வி, "எந்தப் பூட்டுக் கம்பெனி?"

கணினியில் ஒரு பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்குரிய எண் எது என்று எங்கோ ஒரு சர்வர் பதில் சொல்ல வேண்டும். நடுவில் எவனாவது பதிலை மாற்றிவிட்டால், கல்லூரியின் இணையப் பக்கம் என்று நினைத்துக்கொண்டு ஒரு திருடனின் வாசலில் போய் நிற்போம். அதைத் தடுக்கப் பதிலின் மேல் முத்திரை குத்தி அனுப்பும் முறை அப்போதுதான் மெல்ல வந்துகொண்டிருந்தது. சாவிக்கு இரண்டு பாதி. எங்களிடம் இருக்கும் பாதி முத்திரை குத்தும். வெளியே கொடுக்கும் பாதியை வைத்திருப்பவர், அது எங்கள் முத்திரைதானா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். இதையெல்லாம் யார் சரிபார்த்தார்கள் என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், ஒரே ஓர் ஆள்.

அவர்தான் அந்த அக்கா. ஊருக்கு வெளியே ஒரு பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னாளபட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஏழு வருடமாகத் தற்காலிகப் பணி. கல்லூரியின் பக்கம் எங்கள் சர்வரில்தான் இருந்தது. இந்த முத்திரை விஷயத்தை ஒரு நாள் நான் வாய் ஓயாமல் சொல்லப்போக, "நல்லாருக்கே புள்ள, எங்க மெஷின்ல போடுவோம்" என்று கிளம்பிவிட்டார். முதல்வரிடம் மன்றாடி அனுமதியும் வாங்கினார்.

புதுச்சாவி செய்வதே அன்றைக்கு ஒரு கூத்து. எங்கள் கிழட்டுக் கணினிக்குத் தாறுமாறான எண்கள் வேண்டும். அது கிடைக்கும்வரை நகராது. நான் கீபோர்டில் பத்து விரலாலும் கண்டபடி தட்டுவேன். மற்றவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்ப்பார்கள். பிறகு அக்காவுக்குப் போன் போட்டு, வெளியே கொடுக்கும் பாதியை எழுத்து எழுத்தாக வாசிக்க வேண்டும். மெயிலை நடுவில் எவனாவது மாற்றிவிட்டால்? அதனால் போன்தான். "பெரிய ஏ, சின்ன க்யூ, ஸ்லாஷ், எட்டு, பெரிய டபிள்யூ." அவர் எழுதிக்கொண்டு திருப்பி வாசிப்பார். நடுவில் கல்லூரி மணி அடிக்கும், கீழே ஜவுளிக்கடைக்காரர் ஆடித் தள்ளுபடியைக் கூவுவார், விட்ட இடம் மறந்துபோகும், முதலிலிருந்து தொடங்குவோம். அரை மணி நேரத்தில் சாவி பாதி, ஊர்க்கதை பாதி. பிற்பாடு எல்லாம் தானாக நடக்கிற ஏற்பாடு வந்துவிட்டது. யாரும் யாருக்கும் சாவியை வாசித்துக் காட்டத் தேவையில்லை. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குரல் எனக்கு வேண்டியிருக்கிறது.

சாவியைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். எப்போது மாற்றுவது என்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம் எல்லாம். இதை நான் தொண்ணூறுகளிலேயே எங்கள் கிணற்றடியில் கற்றிருக்க வேண்டும். கிணறு அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொது. மோட்டார் ரூம் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள். பூட்டு துருப்பிடித்தால் அப்பா உடனே கழற்றி எறிய மாட்டார். சங்கிலியின் இரண்டு முனைக்கும் நடுவில், பழைய பூட்டோடு புதுப்பூட்டையும் சேர்த்துக் கோத்துவிடுவார். இரண்டில் எதைத் திறந்தாலும் கதவு திறக்கும். எல்லார் கைக்கும் புதுச்சாவி போய், ஒவ்வொருவரும் போட்டுத் திறந்து பார்த்துவிட்டேன் என்று வாயால் சொன்ன பிறகுதான் பழசு இறங்கும். சர்வரிலும் அதே கணக்கு. பழசும் புதுசும் கூடவே நிற்க வேண்டும். எதிராளி புதுசைப் போட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு மேலும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். ஏனென்றால் மற்ற கணினிகள் பழைய பதிலை அவ்வளவு நேரம் ஞாபகத்தில் வைத்திருக்கும்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு மதியம் மூன்று மணிக்குக் கல்லூரி நிர்வாகக் குழு கம்ப்யூட்டர் அறைக்கு வருவதாக இருந்தது. முத்திரை சரிபார்த்துக் கல்லூரிப் பக்கம் திறப்பதை அக்கா காட்ட வேண்டும். காட்டிவிட்டால் பணி நிரந்தரம். முதல்வரே அப்படிச் சொல்லியிருந்தார்.

காலையில் புதுச்சாவியைச் செய்து, பழசுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அவருக்கு வாசித்தேன். "எழுதிக்கிட்டேன் புள்ள. செத்த நேரத்துல மாத்திர்றேன்" என்றார்.

என் செத்த நேரம் ஒரு டீயும் ஒரு சாப்பாடும். இரண்டு மணிக்குப் பழைய சாவியை எடுத்துவிட்டேன். மாத்திட்டீங்களா என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வேலையை முடித்தாயிற்று என்று ஒரு திருப்தி, அவ்வளவுதான்.

அவரோ காலையிலிருந்து நாற்காலி போடவும் விருந்தாளிகளுக்கு வடை சொல்லவும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறார். சாவி எழுதின தாள் கைப்பைக்குள் மடங்கிக் கிடந்தது; மெஷினில் இன்னும் பழைய சாவிதான். குழு வருகிறதே என்று இரண்டரை மணிக்கு மெஷினை ஒரு தடவை அணைத்து வேறு போட்டிருக்கிறார். அது ஞாபகத்தில் வைத்திருந்த பழைய பதிலும் அதோடு போயிற்று.

மூன்றேகாலுக்குக் கல்லூரி முதல்வர் எங்கள் ஆபீசுக்குப் போன் செய்தார். "காலேஜ் பக்கம் திறக்க மாட்டேங்குது. உங்க சைடுல ஏதும் கோளாறாம்மா?"

நான் என் திரையில் தட்டிப் பார்த்தேன். பளிச்சென்று திறந்தது. "இங்க எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம்" என்றேன். சர்வர் வேலை பார்க்கிற எல்லாருடைய நாக்கிலும் முதலில் வருகிற வாக்கியம் அது. பொய்கூட இல்லை. சரிபார்க்காதவர்களுக்கெல்லாம் திறந்துகொண்டுதான் இருந்தது. நம்பினோர் கைவிடப்படார் என்று ஆட்டோவுக்கு ஆட்டோ எழுதியிருக்கிறார்கள். உலகத்திலேயே என் சாவியை நம்பின ஒரே ஆளுக்குத்தான் அன்றைக்குக் கதவு அடைத்தது.

குழு கிளம்பின பிறகு அக்கா கூப்பிட்டார். "ஏ புள்ள, பழச எடுத்துட்டியா?"

"செத்த நேரத்துல மாத்திர்றேன்னீங்களேக்கா."

"சாயந்தரத்துக்குள்ளங்குற அர்த்தத்துல சொன்னேன்டி."

நடந்ததை மெதுவாகச் சொன்னார். குழுவில் ஒருவர் வீட்டுக்குப் போன் போட்டு, "எங்க வீட்ல திறக்குதாம்ல!" என்று சிரித்திருக்கிறார். முத்திரை ஒத்துப்போகாவிட்டால் திறக்கக் கூடாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடே என்று அக்கா சொல்லிப் பார்த்திருக்கிறார். யார் கேட்பது?

"சரிபாக்குறத நிறுத்திட்டுத் திறந்து காட்டியிருக்கலாம்லக்கா. செட்டிங்குல ஒத்த வரிதானே?"

"ஒத்த வரிதான். அத எடுத்துட்டுத் திறந்தா நான் அவுகளுக்கு என்னத்தக் காட்டுனதாகும்?"

ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அன்று மாலையே பழைய சாவியைப் புதுசுக்குப் பக்கத்தில் திரும்ப நிறுத்தினேன். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய், தப்பு என்னுடையது என்று முதல்வரிடம் சொன்னேன். அவர் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கு எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொன்னது நீங்கதானேம்மா? அத நம்பித்தான் கோளாறு எங்க பக்கம்னு குழுவுல எழுதியாச்சு. அடுத்த வருஷம் பாக்கலாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன்.

அக்கா அதற்குள் புதுச்சாவியைப் போட்டுவிட்டார். விதிப்படி இரண்டு நாளில் நான் பழசை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. கை வரவில்லை என்பதுதான் நிஜம். ஒரு மாதம் கழித்து முதலாளி கேட்டார். பழைய சாவி கிடக்கக் கிடக்க எவன் கைக்காவது சிக்கும் என்று சத்தம் போட்டார். அவர் சொன்னது நியாயம். நான் தலையை ஆட்டிவிட்டு விட்டுவிட்டேன். அக்காவும் போனில் கேட்பார், "எப்பதான் புள்ள எடுக்கப் போற?"

"செத்த நேரம் போகட்டும்க்கா."

முதல் தடவை அதைக் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. அப்புறம் அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்.

அடுத்த வருடம் கார்த்திகை மழையில் ஒரு மத்தியானம் போன் வந்தது. "ஆர்டர் வந்துருச்சு புள்ள. நிரந்தரம்னு போட்ருக்காக." நான் மூக்கை உறிஞ்சினது அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

"அழுதது போதும். இப்பவாச்சும் அந்தப் பழச எடுத்துத் தொல."

"புதுசு உங்க மெஷின்ல இருக்குல்லக்கா?"

"இருக்குடி. எத்தனை மாசமா இருக்கு."

"இருக்குன்னு சொல்றீங்களா, இப்பப் பாத்துட்டுச் சொல்றீங்களா?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "செத்த நேரம் இரு, பாத்துட்டு வாரேன்" என்று சொல்லி, ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

நான் இருந்தேன்.